ஆபீஸ் வாசலோடு நின்றுவிடும் விலாசம்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, பத்து மணி தாண்டியிருந்தது. எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்கு வலி எடுத்துவிட்டது. தோட்டத்து லொறி பழுதாகி ஸ்டோரடியில் நின்றது. அம்புலன்சுக்குப் போன் எடுத்தது நான்தான். மறுமுனையில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார். "வீதியின் பெயர் என்ன? வீட்டு இலக்கம் என்ன?" தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். கீழ்ப்பிரிவு, பத்துக் காம்பரா லயம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தோட்டம் காட்டுது ஐயா, மற்றது ஒன்றும் காட்டுதில்லை" என்றார்.

வண்டி வந்தது. வந்து நின்ற இடம் மேற்பிரிவில் இருக்கும் ஆபீஸ் வாசல். அங்கிருந்து எங்கள் லயத்துக்குக் குறுக்குப் பாதையில் நடந்தால் இருபது நிமிடம். வண்டி வரக்கூடிய பாதையோ மலையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக வருகிறது. இரண்டு இளைஞர்கள் டோர்ச் லைட்டோடு ஓடிப்போய் வண்டியை அழைத்து வந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் அந்தக் காம்பராவில் இருந்த பெண்கள் பட்ட பாட்டை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சாரதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசிய பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையிலிருந்த இயந்திரத்துக்கு எங்கள் லயம் தெரியாது. ஏன் தெரியாது என்று கேட்டுக்கொண்டு போனபோது தெரிய வந்த விடயங்களைத்தான் இம்மாதத் தலையங்கத்தில் எழுதுகிறோம். சம்பளம், கைக்காசு, கொழுந்து நிறுவை என்று எழுத எவ்வளவோ இருக்க இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

விலாசம் என்பது நமக்குப் புதிய பிரச்சினை அல்ல. ஊரில் ஒருவருக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் அவர் வீட்டு வாசலில் கொடுக்கிறார். நமக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு ஒரே பையில் வருகிறது. அங்கே எப்போது பிரிக்கப்படும், யார் கையில் கொடுத்தனுப்பப்படும், எந்தப் பிள்ளை வழியில் தொலைக்கும் என்பதெல்லாம் அன்றைய அதிர்ஷ்டம். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதை இல்லாத தோட்டம் உண்டா? வங்கிக் கடிதம், நீதிமன்ற அறிவித்தல், வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பிய பொதி என எல்லாமே துரையின் ஆபீஸ் மேசையைத் தாண்டித்தான் நம்மிடம் வருகின்றன. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் ஆறு பேர் இருந்தால் யாருடைய கடிதத்தை யார் பிரிப்பது? கொழும்பில் வேலை தேடும் நம் பிள்ளைகளில் சிலர் தோட்டத்து விலாசத்தை எழுதக் கூச்சப்பட்டு டவுனில் இருக்கும் மாமா வீட்டு விலாசத்தைப் போடுகிறார்கள். அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பது வேறு கதை.

இதன் வேர் பழையது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் பாட்டன் பூட்டன்மாருக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முகாமிலேயே ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதைக் காட்டும் இலக்கம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆளை அந்தத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவும், வழிச் செலவை அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதவும் அது உதவியது. அந்தச் செலவு பிறகு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. இந்த மண்ணில் நமக்குக் கிடைத்த முதல் விலாசம் அந்தத் தகரம்தான். அது நாம் இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. நாம் யாருடைய கணக்கில் இருக்கிறோம் என்பதைச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை போராடிப் பிரஜாவுரிமையை மீட்டெடுத்தோம். இன்று அடையாள அட்டை இருக்கிறது, வாக்கு இருக்கிறது. விலாசம் மட்டும் இன்னும் ஆபீஸ் வாசலைத் தாண்டவில்லை.

இப்போது அந்த இயந்திரத்துக்கு வருவோம்.

நாம் எழுதும் விலாசத்தை எடுத்து, அது பூமியில் எந்தப் புள்ளி என்று கண்டுபிடித்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஜியோகோடிங் என்கிறார்கள். அம்புலன்ஸ், பொதி கொண்டுவரும் கம்பனி, வாடகை முச்சக்கரவண்டி அழைக்கும் செயலி, வங்கிக் கடன் விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஏதோ ஒன்று வேலை செய்கிறது. கூகுள் நிறுவனத்தின் சேவையின் உள்ளே நாம் கை வைக்க முடியாது. இடம் தவறென்றால் முறையிடலாம், அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் திறந்திருக்கும் சேவைகளும் உண்டு. 2004இல் ஆரம்பிக்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது உலகெங்குமுள்ள தொண்டர்கள் சேர்ந்து வரையும் வரைபடம். அதில் இடம் தேடித் தரும் மென்பொருளின் பெயர் நொமினாட்டிம். அது எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கலாம், தன் கணினியில் வைத்து மாற்றியும் அமைக்கலாம்.

கொழும்பில் கணினித் துறையில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது அதைத் திறந்து காட்டினார். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

அந்த மென்பொருளுக்குள் அமைவுக் கோப்புகள் என்று சில இருக்கின்றன. பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. செக்ரோல் போல வரிசை வரிசையாக எழுதிய வெறும் எழுத்துக் கோப்புகள்தான். அவற்றில் ஒன்று விலாசப் படிநிலைக் கோப்பு. உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு வகை இடத்துக்கும் அதில் ஓர் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. நாட்டுக்கு 4. நகரத்துக்கு 16. தெருவுக்கு 26. வீட்டுக்கு 30. எண் ஏற ஏற இடம் சிறியதாகும். ஒரு வீட்டின் விலாசத்தை அமைக்கும்போது இந்த ஏணியில் ஏறித்தான் இயந்திரம் பெயர்களைக் கோர்க்கிறது. வீடு, அதன் தெரு, சுற்றுவட்டாரம், நகரம், மாவட்டம், நாடு என்று போகும்.

இந்த ஏணியைக் கட்டியவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் மனதில் இருந்தது தெருவும் வீட்டு இலக்கமும் உள்ள ஊர். நம் ஏணி வேறு. தோட்டம், பிரிவு, லயம், காம்பரா. நம்மில் சிலர் பிரிவை இன்னும் கணக்கு என்றே சொல்கிறோம், மேக்கணக்கு, பணியக்கணக்கு என்று. இதில் தெரு எங்கே இருக்கிறது? தோட்டப் பாதைக்குப் பெயர் வைத்தவர் யார்? வரைபடத்தில் தேயிலை நிலம் பச்சை வண்ணத்தில் கிடக்கும், ஸ்டோரும் ஆபீசும் குறிக்கப்பட்டிருக்கும். நூறு குடும்பங்கள் வாழும் பிரிவுக்குப் பெயரே இருக்காது. நம் விலாசத்தை இயந்திரத்திடம் கொடுத்தால் சில சேவைகள் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிடும். வேறு சில, தெரியாத சொற்களை விட்டுவிட்டுத் தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொள்ளும். தெரிந்தது தோட்டத்தின் பெயர் மட்டும் என்றால் பல நூறு ஏக்கருக்கு ஒரே புள்ளி. அன்று இரவு அம்புலன்ஸ் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது இப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கோப்பில் இன்னொரு எண் இருக்கிறது. பூச்சியம். ஒரு வகை இடத்துக்கு விலாச எண்ணாகப் பூச்சியம் எழுதினால், அந்த இடம் வரைபடத்தில் இருந்தாலும் யாருடைய விலாசத்திலும் சேராது. அதைக் கேட்டபோது பிரட்டுக்களத்தில் பெயர் வெட்டப்பட்டவரின் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் அந்தக் கோப்பு கல்வெட்டு அல்ல. அதைத் திருத்தலாம். இந்த நாட்டில் மட்டும் இந்த வகை இடத்துக்கு இந்த எண் என்று நாட்டின் குறியீட்டைப் போட்டுத் தனி விதி எழுத அதிலேயே வழி இருக்கிறது. பல நாடுகளுக்கு அப்படி எழுதியும் இருக்கிறார்கள். ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரம், அதற்குள் கட்டை, அதற்குள் கட்டட இலக்கம் என்றுதான் விலாசம். அதனால் ஜப்பானியரின் கடிதம் போய்ச் சேராமல் இருக்கிறதா? அவர்கள் தங்கள் விலாச முறையை மாற்றிக்கொள்ளவில்லை. கணினிதான் அவர்கள் முறைக்குப் பழகிக்கொண்டது. தோட்டம், பிரிவு, லயம் என்பதும் ஒழுங்கான ஒரு முறைதான். பிரிவு தெரிந்து, லய இலக்கம் தெரிந்து, காம்பரா இலக்கமும் தெரிந்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டைக் கண்டுபிடிக்கலாம்.

இன்னும் இரண்டு இடங்களில் கை வைக்கலாம். ஒன்று மொழி. எந்தெந்த மொழிப் பெயர்களை ஏற்றுவது என்பதை அமைப்பில் மாற்றலாம். யாராவது தங்கள் கணினியில் இந்தச் சேவையை நிறுவும்போது ஆங்கிலப் பெயர்கள் மட்டும் ஏறும்படி அமைத்துவிட்டால், வரைபடத்தில் தமிழ்ப் பெயர் இருந்தாலும் ஏறாது. தமிழில் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. இலங்கையில் இயங்கும் எந்தச் சேவையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஏற்ற வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள்.

மற்றது சொல். ஒரே சொல்லைப் பலவிதமாக எழுதினாலும் ஒன்றாக எடுத்துக்கொள் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் கோப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்ட்ரீட் என்பதைச் சுருக்கி எழுதினாலும் நீட்டி எழுதினாலும் ஒன்றே என்று அதில்தான் எழுதியிருக்கும். அதேபோல் தோட்டம், எஸ்டேட், வத்த மூன்றும் ஒன்று என்று எழுதலாம். பிரிவு, டிவிஷன், கணக்கு மூன்றும் ஒன்று என்று எழுதலாம். லயம், லயன், லைன் என்று நம் பிள்ளைகள் எழுதும் மூன்று எழுத்துக் கோலங்களையும் சேர்க்கலாம். இதை எழுதக் கணினிப் படிப்பை விட நம் பேச்சு தெரிந்திருப்பதுதான் முக்கியம். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்குப் பணியக்கணக்கு என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

பெயர் விடயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பனிப் பலகையில் தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர். பஸ்ஸில் சிங்களப் பெயர். நம் வாயில் வேறொரு பெயர். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட விவரக் கொத்துகளில், பெர்குசன் டைரக்டரி போன்றவற்றில், தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் பட்டியலிட்டிருந்தார்கள். நம் மீது பாசம் வைத்தல்ல. ஆட்களைக் கண்டுபிடிக்க அந்தப் பெயர்கள் தேவைப்பட்டன. அப்போது தேவைப்பட்ட தமிழ்ப் பெயர் இப்போது வரைபடத்தில் தேவைப்படாமல் போனது எப்படி? திறந்த வரைபடத்தில் ஒரே இடத்துக்குப் பொதுப் பெயர், சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர், வழக்குப் பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. நிரப்பப்படாமல் கிடப்பவை நம்முடைய கட்டங்கள்தான்.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கோப்பைத் திருத்துவதால் மட்டும் நம் லயம் முளைத்துவிடாது. அமைவுக் கோப்பு எப்படித் தேட வேண்டும் என்று சொல்லும். தேடப்படும் பொருள் வரைபடத்தில் இருக்க வேண்டும். கணினிப் பிள்ளை இதை ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். படிநிலைக் கோப்பை மாற்றினால் ஏற்கனவே ஏற்றிய தரவு தானாக மாறாது, மறுபடி ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார். உலகம் முழுவதுக்குமான பொதுச் சேவையின் கோப்பை நாம் நினைத்தபடி மாற்றவும் முடியாது. அது அதைப் பராமரிப்பவர்களின் பொறுப்பு, அவர்களிடம் காரணத்தோடு கேட்க வேண்டும். ஆனால் ஒரு மாவட்டச் செயலகமோ, அம்புலன்ஸ் சேவையோ, அனர்த்த முகாமைத்துவ அலுவலகமோ தனக்கென்று ஒரு பிரதியை நிறுவித் தன் கோப்பைத் தானே எழுதிக்கொள்ளலாம். இலங்கை அளவு நாட்டுக்கு மட்டும் என்றால் அதற்குப் பெரிய இயந்திரக் கூடம் வேண்டியதில்லை.

உண்மையில் பாதி வேலை கோப்பைத் தொடாமலே நடக்கும். ஒவ்வொரு பிரிவையும் ஒரு சிறு குடியிருப்பாக, பெயரோடு, சரியான இடத்தில் வரைபடத்தில் வைத்தாலே அது ஏணியில் ஏறிவிடும். தெருப் பெயர் இல்லாத ஊர்களுக்காக, வீட்டு இலக்கத்தைத் தெருவோடு கட்டாமல் குடியிருப்பின் பெயரோடு கட்டும் வழியும் அந்த வரைபடத்தில் ஏற்கனவே இருக்கிறது. நமக்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கிறது, நாம்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2013ஆம் ஆண்டளவில் மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரதேசத்தில், அனர்த்த முகாமைத்துவ நிலையம் சம்பந்தப்பட்ட ஒரு வேலைத்திட்டத்தில், கட்டடம் கட்டடமாக இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். வெள்ளம் வந்தால் எந்த வீடு முழுகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். மட்டக்களப்பில் முடிந்தது மலையகத்தில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. நமக்கு வெள்ளம் அல்ல, மண்சரிவு. தேவை ஒன்றுதான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை. பதுளை மாவட்டம், கொஸ்லந்தை, மீரியபெத்தை. மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. அதன் பிறகு நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புதையுண்டவர்கள் எத்தனை பேர் என்று நாளுக்கு ஓர் எண்ணிக்கை வந்தது. நூற்றுக்கணக்கானோர் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். எந்தக் காம்பராவில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் யார் அன்று காலை வேலைக்குப் போயிருந்தார்கள் என்பதை உயிர் தப்பியவர்களின் ஞாபகத்திலிருந்துதான் திரட்ட வேண்டியிருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எங்கோ ஒரு கோவையில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். லயத்துக்கு இலக்கமும் இடமும் இருந்திருந்தால் மலை சரியாமல் இருந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. இன்றும் ஒவ்வொரு மழைக்கும் மண்சரிவு எச்சரிக்கை பிரதேசச் செயலகப் பிரிவின் பெயரைச் சொல்லி வானொலியில் வருகிறது. அதில் நம் லயம் அடங்குகிறதா இல்லையா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. லயத்தின் புள்ளி தெரிந்தால்தான் இந்த லயத்து ஆட்கள் இன்றிரவு வெளியேற வேண்டும் என்று பெயர் சொல்லி அறிவிக்க முடியும்.

நம் தரப்பிலிருந்தே ஓர் எதிர்க் கேள்வி எழும். மூத்த தோழர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் முகத்தைச் சுளித்தார். "லயத்தை ஒழிக்கணும்னு போராடிக்கிட்டே அந்த லயத்துக்கு நம்பர் போடச் சொல்றீங்களே தம்பி" என்றார். நியாயமான கேள்வி. லயக் காம்பராவை நிரந்தர விலாசமாக்கிவிட்டு, இவர்களுக்குத்தான் விலாசம் இருக்கிறதே என்று யாராவது நாளை வீட்டுத் திட்டத்தைத் தள்ளிப்போட நாம் வழிவிடக் கூடாது. காணியும் தனி வீடும் என்ற கோரிக்கையில் ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை. ஆனால் அந்த வீடு வரும் வரை பிரசவ வலியும் மாரடைப்பும் காத்திருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கட்டிக் குடியேறிய இடங்களில்கூட, பல குடும்பங்கள் கடிதத்துக்கு இன்னும் பழைய தோட்டத்து ஆபீஸ் விலாசத்தையே கொடுத்துக்கொண்டிருக்கின்றன. வீடு மாறியது, விலாசம் மாறவில்லை. ஆகவே இலக்கம் கம்பனியின் சொத்துப் பட்டியலில் இருந்து வரக் கூடாது. அரசாங்கத்திடமிருந்து வர வேண்டும். குடும்பம் புது வீட்டுக்குப் போனால் அங்கே புதிய இலக்கம் அன்றே பதியப்பட வேண்டும்.

இதற்குப் பொறுப்பான இடம் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவழிக்க எங்களுக்கு வழியில்லை என்று பல காலம் சொல்லித் தப்பித்தார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனி அந்தச் சாக்கு செல்லாது. நம் வாக்கில் சபைக்குப் போன உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: தோட்டப் பாதைகளுக்கும் பிரிவுகளுக்கும் பெயரிடும் தீர்மானத்தை எப்போது கொண்டுவரப் போகிறீர்கள்? மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை எப்போது நாட்டப் போகிறீர்கள்? ஒரு பாலம் கட்டும் செலவில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. கம்பனிகள் தனியார் காணி என்று ஆட்சேபிக்கலாம். 1992இல் நிர்வாகம் அவர்களிடம் கொடுக்கப்பட்டது தேயிலையை நடத்த. நம் கடிதத்தை நடத்த அல்ல.

தபால் திணைக்களத்திடம் நாம் வைக்கும் கோரிக்கை பழையது. ஒவ்வொரு பிரிவுக்கும் தபால் வீட்டுக்கு வர வேண்டும், ஆபீஸ் பை முறை ஒழிய வேண்டும். இலக்கமும் வரைபடமும் கையில் இருந்தால் இந்தக் கோரிக்கைக்கு, வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பதில் சொல்லிச் சமாளிக்க முடியாது.

சங்கத்தின் பக்கத்தில் செய்யக்கூடியதை இம்மாதமே தொடங்குகிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு அப்பியாசப் புத்தகம் வாங்கட்டும். பிரிவின் பெயர், நாம் சொல்லும் பெயர், கம்பனி எழுதும் பெயர், சிங்களத்தில் சொல்லும் பெயர். பிறகு லயங்கள் ஒவ்வொன்றாக: எத்தனை காம்பரா, எந்தப் பாதையில் வண்டி வரும், மழைக்கு அந்தப் பாதை தாங்குமா. கோயில், பிள்ளைக் காம்பரா, தண்ணீர்த் தொட்டி, வண்டி திரும்பக்கூடிய இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாதர் சங்கத் தலைவிமார் இதில் முன் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்த லயத்தில் எந்த மாதம் யாருக்குப் பிள்ளைப்பேறு என்று ஆண்களுக்குத் தெரிவதில்லை, வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆட்களின் பெயரை எழுத வேண்டாம். கடன்காரனுக்கும் அரசியல்வாதிக்கும் நம் பெயர்ப் பட்டியலைச் செய்து கொடுப்பது நோக்கமல்ல. வீடு எங்கே என்பது போதும், வீட்டில் யார் என்பது வரைபடத்துக்குத் தேவையில்லை.

புத்தகம் நிறைந்ததும் ஸ்மார்ட் போன் வைத்திருக்கும் இளைஞர்கள் ஒவ்வொரு லயத்தின் முன்னும் நின்று புள்ளியைக் குறிக்க வேண்டும். லயங்களுக்கு இலக்கம் இல்லாத இடத்தில் நீங்களாகவே போட்டுவிடாதீர்கள். ஒரே பிரிவில் இரண்டு மூன்றாம் இலக்க லயம் வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். கமிட்டி கூடி, கிராம உத்தியோகத்தரையும் வைத்துக்கொண்டு ஒரு வரிசையை முடிவு செய்யுங்கள். வரைபடத்தில் ஏற்றும் வேலையையும், நம் சொற்களையும் படிநிலையையும் சேர்த்து ஒரு மாதிரி அமைவுக் கோப்பு எழுதும் வேலையையும் கணினிப் பிள்ளைகள் சிலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பளம் இல்லாமல். அந்தக் கோப்பையும் தோட்டங்களின் பட்டியலையும் சேர்த்து மாவட்டச் செயலகத்துக்கும், அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்துக்கும், அம்புலன்ஸ் சேவைக்கும் எழுத்து மூலம் கையளிப்போம். கையளித்த திகதியையும் கிடைத்த பதிலையும் இந்தப் பத்திரிகையில் வெளியிடுவோம். பதில் வராவிட்டால் அதையும் வெளியிடுவோம்.

அதுவரை ஒரு சிறு வேலை. வண்டி வரும் பாதையில் எந்த முடக்கில் திரும்ப வேண்டும், லயத்துக்குக் கிட்டிய அடையாளம் என்ன என்பதை ஒரு கடதாசியில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் காம்பராக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். இரவில் போன் பேசுபவர் வீட்டுக்காரராக இருக்க மாட்டார், பக்கத்துக் காம்பராப் பிள்ளையாகத்தான் இருக்கும். பதற்றத்தில் அதற்கு வாய் குழறும். பார்த்து வாசிக்க எழுத்து இருக்கட்டும்.